ரிக்கி லாம்பர்ட்டின் விலை: ஒரு நிகழ்வு ஆய்வு

2002 ஏப்ரலில் 3 லட்சம் பவுண்ட். 2005 பிப்ரவரியில் ஒரு காசுகூட இல்லை. 2006 ஆகஸ்டில் 2 லட்சம். 2009 ஆகஸ்டில் 10 லட்சத்துக்குச் சற்று மேல். 2014 ஜூனில் 40 லட்சம். அடுத்த ஆண்டே 30 லட்சம்.

இத்தனை விலைகளும் ஒரே ஆளுக்குக் கொடுக்கப்பட்டவை. லிவர்பூலை ஒட்டிய கர்க்பியில் 1982 பிப்ரவரி 16 அன்று பிறந்த முன்கள வீரர் ரிக்கி லாம்பர்ட். இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பீட்ரூட் தொழிற்சாலையிலிருந்து தொடங்குவார்கள். பிளாக்பூல் அணி கழற்றிவிட்ட பிறகு, நாளுக்கு 20 பவுண்ட் கூலிக்குப் பீட்ரூட் ஜாடிகளுக்கு மூடி திருகியவர், 31 வயதில் இங்கிலாந்துச் சட்டை போட்டார் என்பது உண்மைதான். ஆனால் உழைப்பால் உயர்ந்தார் என்று முடித்துவிட்டால் எதுவும் விளங்காது. அவரைப்போல உழைத்தும் நான்காம் அடுக்கிலேயே தேங்கிப்போனவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். கேள்வி வேறு. அதே கால், அதே தலை, அதே வேகமின்மை. அப்படியிருக்க ஓர் அணியில் ஐந்து ஆட்டத்துக்கு ஒரு கோல் கூடத் தேறாதவர், இன்னோர் அணியில் இரண்டு ஆட்டத்துக்கு ஒன்று என்று அடித்தது எப்படி? அவ்வளவு அடித்தவர், மேலே போனதும் மீண்டும் வறண்டுபோனது எப்படி?

கணக்கு

முதலில் அடுக்குகளைச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தில் நான்கு அடுக்குகள், 92 கிளப்புகள். பிரீமியர் லீகில் 20, அதன் கீழே மூன்று அடுக்குகளில் தலா 24. கீழ் மூன்றிலும் ஒரு பருவத்துக்கு 46 லீக் ஆட்டங்கள். 2004இல் பெயர்களை மாற்றினார்கள். இரண்டாம் அடுக்கு சாம்பியன்ஷிப், மூன்றாவது லீக் ஒன், நான்காவது லீக் டூ. 1992 முதல் 2004 வரையிலான செய்திகளில் 'இரண்டாம் டிவிஷன்' என்று வந்தால் அது மூன்றாம் அடுக்கு. பெயரை நம்பி எண்ணினால் தப்பாகிவிடும்.

லாம்பர்ட்டின் லீக் ஆட்டங்கள் மட்டும் (கோப்பை ஆட்டங்கள் சேர்க்காமல்):

பிளாக்பூல்: 3 ஆட்டம், 0 கோல்
மேக்கிள்ஸ்ஃபீல்ட் டவுன்: 44 ஆட்டம், 8 கோல்
ஸ்டாக்போர்ட் கவுன்டி: 98 ஆட்டம், 18 கோல்
ராச்டேல்: 64 ஆட்டம், 28 கோல்
பிரிஸ்டல் ரோவர்ஸ்: 128 ஆட்டம், 51 கோல்
சவுதாம்டன்: 207 ஆட்டம், 106 கோல்
லிவர்பூல்: 25 ஆட்டம், 2 கோல்
வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன்: 19 ஆட்டம், 1 கோல்
கார்டிஃப் சிட்டி: 18 ஆட்டம், 4 கோல்

ஆட்டத்துக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்தால், ஸ்டாக்போர்ட்டில் 0.18, ராச்டேலில் 0.44, ரோவர்ஸில் 0.40, சவுதாம்டனில் 0.51, லிவர்பூலில் 0.08. 0.18இலிருந்து 0.44க்குத் தாவும்போது அவருக்கு வயது 23தான். அந்தத் தாவலுக்கு முன்னும் பின்னும் இருந்தது ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்.

ஸ்டாக்போர்ட்: தப்பான இடம், தப்பான நேரம்

லாம்பர்ட் 10 வயதில் லிவர்பூல் இளையோர் அணியில் சேர்ந்து, 15 வயதில் வெளியே அனுப்பப்பட்டவர். பிளாக்பூலில் மூன்றே ஆட்டம். அதன் பிறகு ஒப்பந்தம் இல்லாமல் மேக்கிள்ஸ்ஃபீல்டில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார். 2001 மார்ச்சில் அங்கே ஒப்பந்தம் கிடைத்தது. அடுத்த பருவத்தில் நான்காம் அடுக்கில் 35 ஆட்டம், 8 கோல். இந்த 8 கோலை வைத்துத்தான் ஸ்டாக்போர்ட் 3 லட்சம் பவுண்ட் கொடுத்தது. ஒரு வீரரை விற்று மேக்கிள்ஸ்ஃபீல்ட் வாங்கிய அதிகபட்சத் தொகை அது.

தேதியைக் கவனிக்க வேண்டும். 2002 மார்ச்சில்தான் ஐடிவி டிஜிட்டல் நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போனது. கீழ் மூன்று அடுக்குகளின் ஒளிபரப்பு உரிமைக்கு 31.5 கோடி பவுண்ட் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த நிறுவனம் அது. அதில் பாதிக்கு மேல் வரவே இல்லை. வரப்போகும் பணத்தை நம்பிச் சம்பளம் பேசியிருந்த சிறு கிளப்புகள் அடுத்தடுத்துத் தள்ளாடின. கீழ் அடுக்குகளில் வீரர்களின் சந்தை விலை அப்படியே சரிந்தது. ஆக, சந்தை விழுவதற்குச் சற்று முன் உச்ச விலையில் வாங்கப்பட்ட 20 வயதுப் பையன் லாம்பர்ட். பணம் கொட்டி வாங்கியாயிற்று, கோல் எங்கே என்ற கேள்வி முதல் நாளிலிருந்தே கூட வந்தது.

ஸ்டாக்போர்ட் அந்தப் பருவம்தான் இரண்டாம் அடுக்கிலிருந்து கீழே இறங்கியிருந்தது. அங்கே லாம்பர்ட் பல ஆட்டங்களில் நடுக்களத்தில் நிறுத்தப்பட்டார். பந்தை நன்றாக அடக்குகிறார், தூரப் பாஸ் சரியாகப் போகிறது, ஆகவே நடுவில் ஆடட்டும் என்பது பார்வைக்கு நியாயமாகத்தான் தெரியும். ஆனால் நடுக்களக்காரர் பந்து இழந்தவுடன் முப்பது நாற்பது மீட்டர் பின்னால் ஓட வேண்டும். பிறகு அணி தாக்கும்போது அதே தூரத்தை முன்னால் கடந்து பாக்ஸுக்குள் (எதிரணி கோலுக்கு முன்னுள்ள பெனால்டி கட்டம்) வர வேண்டும். வேகமில்லாத ஆளுக்கு இந்த இரண்டு ஓட்டமும் தாமதமாகும். கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னே அடிக்கும் பந்து) விழும் நேரத்தில் அவர் பாக்ஸின் விளிம்பில்தான் இருப்பார். அவருடைய பெரிய குறை ஒவ்வொரு நிமிடமும் வெளியே தெரியும். பெரிய பலமோ வெளிப்படவே இடமில்லை. முதல் பருவம் 29 ஆட்டத்தில் 2 கோல். இரண்டாவதில் 12 வரை போனார். மூன்றாவதில் 29 ஆட்டத்தில் மீண்டும் 4. அந்தப் பருவம் ஸ்டாக்போர்ட் லீக் ஒன்னில் கடைசி இடம். லாம்பர்ட் அதற்கு முன்பே பிப்ரவரியில் இலவசமாகக் கைமாறிவிட்டார்.

ராச்டேல்: ஒரே மாற்றம்

1974 முதல் நான்காம் அடுக்கிலேயே கிடந்த கிளப் ராச்டேல். 2010 வரை அங்கிருந்து ஏறவே இல்லை. அப்படிப்பட்ட இடத்துக்கு இலவசமாகப் போவது ஒரு வீரருக்குச் சரிவு என்றுதான் யாரும் சொல்வார்கள். மேனேஜர் ஸ்டீவ் பார்கின் செய்தது ஒன்றுதான். அவரை முன்னால் நிறுத்தி, அங்கேயே விட்டார். அதுவும் கிராண்ட் ஹோல்ட்டுக்குப் பக்கத்தில்.

இரண்டு பெரிய உருவங்களை ஜோடியாக நிறுத்துவது பாடப்புத்தக முறைக்கு மாறானது. ஒருவர் உயரம், ஒருவர் வேகம் என்றுதான் ஜோடி சேர்ப்பார்கள். இங்கே ஹோல்ட் தடுப்பாட்டக்காரர்களோடு முட்டி மோதுவார், லாம்பர்ட் ஓரடி பின்வாங்கி, அந்த மோதலில் தெறித்து விழும் பந்தை எடுப்பார். 2006 ஜனவரியில் ஹோல்ட் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குப் போன பிறகும் லாம்பர்ட் நிற்கவில்லை. அந்தப் பருவத்தின் 46 லீக் ஆட்டங்களிலும் ஆடி 22 கோல் அடித்தார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. நாட்டிலேயே கடைசி அடுக்கில் ஒன்றாக நின்ற இந்த இருவரும் பிற்பாடு பிரீமியர் லீகில் ஆளுக்கொரு பருவத்தில் தலா 15 கோல் அடித்தார்கள். ஹோல்ட் 2011-12இல் நாரிச்சுக்கு, லாம்பர்ட் 2012-13இல் சவுதாம்டனுக்கு. ஒருவர் என்றால் விதிவிலக்கு எனலாம். ஒரே கிளப்பின் ஒரே ஜோடி என்றால், மேலே இருந்தவர்கள் பார்த்த அளவுகோலில்தான் கோளாறு.

பிரிஸ்டல் ரோவர்ஸ்

2006 ஆகஸ்ட் 31, சந்தை மூடும் நாள். ரோவர்ஸ் 2 லட்சம் கொடுத்தது. முதல் பருவம் லீக் கோல் 8தான். ஆனால் அந்த அணி, ஏற்றத்துக்கான கடைசி இடத்தைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் ஆட்டங்கள் வழியாக வெம்ப்ளியில் ஷ்ரூஸ்பரியை 3-1 என்று வென்று லீக் ஒன்னுக்கு ஏறியது. கீழ் இரண்டு அடுக்கு அணிகளுக்கான லீக் டிராஃபியின் தென்பகுதி இறுதியில் பரம எதிரி பிரிஸ்டல் சிட்டியை வெளியேற்றிய கோலும் லாம்பர்ட்டுடையது. 2008இல் எஃப்.ஏ. கோப்பை ஐந்தாம் சுற்றில் சவுதாம்டனை 1-0 என்று வீழ்த்தியது அவருடைய ஃப்ரீ கிக். ஒன்றரை ஆண்டு கழித்து அதே சவுதாம்டன் வந்து அவரை வாங்கியது.

2008-09 பருவம்தான் திருப்பம். 29 லீக் கோல், ஸ்விண்டனின் சைமன் காக்ஸோடு சேர்ந்து அந்த அடுக்கின் முதலிடம். ரோவர்ஸ் அப்போது பட்டியலின் நடுவில் இருந்த அணி. முதலிடத்துக்கு ஓடும் அணியில் 29 அடிப்பதும், நடுவில் கிடக்கும் அணியில் 29 அடிப்பதும் ஒன்றல்ல. பின்னதில் வாய்ப்புகள் குறைவு, கிடைத்ததை வீணாக்காதவராக இருக்க வேண்டும். இருந்தும் மேல் அடுக்குகளிலிருந்து யாரும் வரிசை கட்டவில்லை. வயது 27, வேகம் இல்லை, கொஞ்சம் தொப்பை. வீரர்களைத் தேடும் குழுக்கள் இந்த மூன்றைப் பார்த்ததும் ஃபைலை மூடிவிடும்.

சவுதாம்டன்: எல்லாம் பொருந்திய இடம்

2009 ஏப்ரலில் சவுதாம்டனின் தாய் நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போனது. அணி சாம்பியன்ஷிப்பிலிருந்து விழுந்தது. அதோடு லீக் ஒன்னில் 10 புள்ளி கழிக்கப்பட்டு, கழித்தல் 10இலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஜூலையில் சுவிஸ் தொழிலதிபர் மார்க்குஸ் லீபெர் கிளப்பை வாங்கினார். ஆலன் பார்டியூ மேனேஜராக வந்தார். மூன்றாம் அடுக்கில் 10 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து ஒருவரை வாங்குவது அப்போது அபூர்வம். கழித்தலில் நிற்கும் அணிக்குச் சமன் செய்து சேர்க்கும் புள்ளிகள் போதாது, வெற்றிகள் வேண்டும். அதற்கு அதே அடுக்கில் கோல் அடித்து நிரூபித்தவர் வேண்டும். அந்தக் கணக்குக்கு லாம்பர்ட்டை விடப் பொருத்தமானவர் கிடையாது.

பார்டியூ அவரிடம் முதலில் பேசியது உடம்பைப் பற்றி. இந்த உடல்நிலையோடு நீ லீக் ஒன் வீரன்தான், எடையை இறக்கினால் மேலே போவாய் என்கிற மாதிரியான பேச்சு. உணவும் கூடுதல் பயிற்சியும் மாறின. இதை வெறும் எடைக் குறைப்பாகப் பார்க்கக் கூடாது. வேகமில்லாதவருக்கு உடல்தகுதி கூடினால் வேகம் கூடாது, ஆனால் 75வது நிமிடத்திலும் முதல் நிமிடத்தைப் போலவே தடுப்பாட்டக்காரரைத் தாங்கி நிற்க முடியும். களைத்த கால் முதலில் கெடுப்பது பந்தை அடக்கும் முதல் தொடுகையைத்தான். லாம்பர்ட்டின் தொழிலே அந்த முதல் தொடுகை.

முதல் பருவத்தில் சவுதாம்டனுக்கு 30 லீக் கோல். அணி 73 புள்ளியோடு 7வது. பிளே-ஆஃபின் கடைசி இடத்தைப் பிடித்த ஹடர்ஸ்ஃபீல்டுக்கு 80. கழித்த 10 புள்ளி இருந்திருந்தால் உள்ளே. ஆறுதலாக வெம்ப்ளியில் கார்லைலை 4-1 என்று வென்று லீக் டிராஃபி. முதல் கோல் லாம்பர்ட்டின் பெனால்டி. 2010-11இல் 21 கோல், அடுத்து வந்த மேனேஜர் நைஜல் ஆட்கின்ஸின் கீழ் 92 புள்ளி, இரண்டாம் இடம், ஏற்றம். 2011-12இல் சாம்பியன்ஷிப்பில் 27 கோல், அடுக்கின் முதலிடம், ஆண்டின் சிறந்த வீரர் விருது. அணிக்கு 88 புள்ளி, மீண்டும் இரண்டாம் இடம், பிரீமியர் லீக்.

களத்தில் அவர் செய்ததை அருகில் பார்ப்போம். எதிரணியின் இரண்டு நடுத் தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே நிற்காமல், இருவருக்கும் முன்னால் ஐந்தாறு மீட்டர் இறங்கி நிற்பார். அவரைத் தொடர்ந்து ஒருவர் வெளியே வந்தால் பின்னால் ஓட்டை. வராவிட்டால் அவருக்குத் திரும்ப நேரம் கிடைக்கும். திரும்பியதும் பந்து ஆடம் லலானாவுக்கோ, பின்னர் ஜே ராட்ரிகஸுக்கோ அந்த ஓட்டை வழியாகப் போகும். ஓட வேண்டிய ஓட்டத்தை வேறு யாரோ ஓடுகிறார்கள். பந்தை அனுப்பியவர் சாவகாசமாகப் பின் கம்பத்தை நோக்கி நடப்பார். கிராஸ் வரும்போது எல்லோரும் ஓடியவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஸ்டாக்போர்ட்டில் வீணான அதே பாஸ் திறமை இங்கே பயன்பட்டது, ஏனென்றால் தொடங்கும் இடம் கோலுக்கு முப்பது மீட்டர் நெருங்கி வந்திருந்தது.

பெனால்டிகளைத் தனியே பிரித்தால்

சவுதாம்டனுக்கு எல்லாப் போட்டிகளும் சேர்த்து 235 ஆட்டங்களில் 117 கோல். அதில் 34 பெனால்டி. அடித்தது 34, உள்ளே போனதும் 34. பொதுவாக பெனால்டிகளில் 77 சதவீதம் அளவுக்குத்தான் கோலாகும். அந்த விகிதத்தில் ஒருவர் தொடர்ந்து 34 அடிக்க வாய்ப்பு சுமார் ஏழாயிரத்தில் ஒன்று. ஓடிவந்து, ஓரத்தைக் குறிவைத்து, காப்பாளர் சரியான பக்கம் பாய்ந்தாலும் கை எட்டுவதற்குள் தாண்டிவிடும் வேகத்தில் ஓங்கி அடிப்பார். சிறு நடை, நின்று ஏமாற்றுவது எதுவும் கிடையாது.

கீழ் அடுக்கு வீரரை மதிப்பிடும்போது இந்தக் கழித்தலைச் செய்தே ஆக வேண்டும். 117இல் 34 போனால் 83. ஆட்டத்துக்கு 0.35. இன்னும் நல்ல எண்தான், ஆனால் 0.50 என்ற மொத்த எண் வேறு படத்தைக் காட்டும். அதே சமயம் பெனால்டியை இனாம் என்று ஒதுக்குவதும் தவறு. 34 பெனால்டிக்குச் சராசரி ஆள் 26 அடித்திருப்பார். மிச்ச 8 கோல் லாம்பர்ட்டின் சொந்தச் சம்பாத்தியம். ஐந்து பருவத்துக்கு 8. மேலே ஏறிய பருவங்களில் சவுதாம்டனுக்கும் மூன்றாம் இடத்துக்கும் இருந்த இடைவெளியை நினைத்தால் (நேரடி ஏற்றம் முதல் இரண்டு இடங்களுக்கே; 2012இல் வெஸ்ட் ஹாமுக்கு 86, சவுதாம்டனுக்கு 88) இது சில்லறை அல்ல.

30 வயதில் பிரீமியர் லீக்

2012 ஆகஸ்ட் 19, மான்செஸ்டர் சிட்டி மைதானம். ஆட்கின்ஸ் அவரை மாற்று வரிசையில் உட்கார வைத்தார். மேலே வந்ததும் பெரிய விலையில் வாங்கிய இளையவர் முன்னால், கீழே தோள் கொடுத்தவர் பெஞ்சில் என்பது ஏறி வரும் அணிகளில் வழக்கமாக நடப்பது. இரண்டாம் பாதியில் இறங்கி 59வது நிமிடத்தில் கோல். ஆட்டம் 3-2 என்று தோல்வி. அந்தப் பருவத்தின் 38 லீக் ஆட்டங்களிலும் ஆடினார், 15 கோல். நடுவில் ஆட்கின்ஸ் போய் மௌரீசியோ போச்செட்டினோ வந்தார். எதிரணியின் பாக்ஸ் வரை போய் நெருக்கும் ஆட்டமுறை அவருடையது. 31 வயது நிதான ஆளுக்கு அங்கே இடமிருக்காது என்று பேசப்பட்டது. 2013-14இல் 13 கோல், 10 கோலுக்கு உதவி, அணி 8வது இடம். நெருக்கும் ஆட்டத்துக்கு நெடுந்தூர வேகத்தை விடவும் எந்தப் பாதையை அடைப்பது என்ற கணிப்புதான் முக்கியம் என்பதற்கு இது நல்ல சான்று.

2013 ஆகஸ்ட் 14, வெம்ப்ளி. இங்கிலாந்துச் சட்டையில் லாம்பர்ட்டின் முதல் ஆட்டம், எதிரணி ஸ்காட்லாந்து. 2-2. வெய்ன் ரூனிக்குப் பதில் இறங்கி மூன்று நிமிடம்தான் ஆகியிருந்தது. லெய்டன் பெய்ன்ஸ் கார்னர் எடுக்க, பாக்ஸுக்குள் நுழைந்து தலையால் முட்டினார். சர்வதேச ஆட்டத்தில் முதல் தொடுகை, வெற்றிக் கோல். அடுத்த மாதம் மால்டோவாவுக்கு எதிராக ஒரு கோலும், டேனி வெல்பெக்குக்கு இரண்டு உதவியும். மொத்தம் 11 ஆட்டம், 3 கோல். பிரேசில் உலகக் கோப்பையில் உருகுவேக்கு எதிராகக் கடைசிச் சில நிமிடங்கள் மட்டும்.

லிவர்பூல்: பொருந்தாத பெட்டி

சொந்த ஊர் கிளப், 15 வயதில் வெளியே அனுப்பிய கிளப், 32 வயதில் 40 லட்சம் பவுண்ட் கொடுத்துக் கூப்பிட்டது. உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் வாங்கியது முட்டாள்தனம் இல்லை. மூன்றாவது முன்கள வீரர், கடைசி இருபது நிமிடத்தில் ஆட்டத்தின் போக்கை மாற்றத் தெரிந்தவர், விலையும் மலிவு. திட்டம் கெட்டது வேறெங்கோ. 2013-14இல் லிவர்பூல் லீகில் 101 கோல் அடித்தது, சுவாரஸ் 31, ஸ்டரிட்ஜ் 21. இருவரும் தடுப்பு வரிசைக்குப் பின்னால் பாய்கிறவர்கள். சுவாரஸ் பார்சலோனாவுக்குப் போனார். ஸ்டரிட்ஜ் செப்டம்பரிலேயே காயமடைந்தார். மூன்றாம் ஆள் திடீரென்று முதல் வரிசைக்கு வந்துவிட்டார்.

பின்னால் பாய ஆள் இல்லாத அணியில், முன்னால் இறங்கிப் பந்து வாங்கும் லாம்பர்ட் யாருக்குத் தட்டிவிடுவது? அவர் இறங்கினால் பாக்ஸே காலி. இறங்காமல் நின்றால், தடுப்பாட்டக்காரரோடு ஓட்டப் பந்தயம். சவுதாம்டனில் அவரைச் சுற்றி ஆட்டம் கட்டப்பட்டிருந்தது. இங்கே வேறு ஒருவருக்காகக் கட்டிய ஆட்டத்தில் காலியிடம் நிரப்பினார். 2014-15இல் லிவர்பூலின் லீக் கோல் 101இலிருந்து 52ஆகச் சரிந்தது. லாம்பர்ட் 2, பலோட்டெல்லி 1, போரினி 1, ஸ்டரிட்ஜ் 4. முன்களக்காரர்கள் நால்வரும் சேர்ந்து 8. இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு லாம்பர்ட் மேல் அடுக்குக்குத் தகுதியில்லாதவர் என்று தீர்ப்பெழுதினால், மற்ற மூவருக்கும் அதே தீர்ப்பை எழுத வேண்டியிருக்கும்.

வயதும் சேர்ந்துகொண்டது. வேகத்தை நம்பாத ஆட்டக்காரர்கள் நெடுநாள் நிற்பார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாதிதான் சரி. முதுகைக் கொடுத்துத் தாங்கும் வேலைக்குத் தொடர்ந்து ஆடும் பழக்கம் வேண்டும். வாரத்துக்கு பத்துப் பதினைந்து நிமிடம் இறங்கினால் அந்தக் கூர்மை தேயும், 32க்குப் பிறகு திரும்ப வருவது கடினம். வெஸ்ட் பிராமில் 19 ஆட்டம், ஒரு கோல்.

2016 ஆகஸ்ட் 31 அன்று கார்டிஃப் அவரை எடுத்தது. எடுத்த மேனேஜர் பால் ட்ராலப், பத்தாண்டுக்கு முன் இதே ஆகஸ்ட் 31 அன்று பிரிஸ்டல் ரோவர்ஸுக்கு வாங்கியவர். அக்டோபரிலேயே ட்ராலப்பை நீக்கிவிட்டு நீல் வார்னாக்கைக் கொண்டுவந்தார்கள். லாம்பர்ட் அந்தப் பருவத்தில் 4 கோலோடு நின்றார். 2017 கோடையில் கிளப்பை விட்டு வெளியேறி, அக்டோபரில் ஓய்வை அறிவித்தார். ஒன்பது கிளப்புகள், லீக் கோல்கள் 218. அதில் பிரீமியர் லீகில் அடித்தவை 31. மற்றவை அனைத்தும் கீழ் மூன்று அடுக்குகளில்.